கீப்பிங் கிளவுஸைக் கழற்றியவன் மைக் பிடிப்பது எப்படி

தோட்டத்து கிரிக்கெட் மெட்சுக்கு மைக்கில் வர்ணனை சொல்லப் போகிறீர்களா? மைக்கைத் தொடுவது கடைசி வேலை. மெட்ச் ஒன்பது மணிக்கென்றால் ஏழரைக்கே போய்ச் சேருங்கள். போனதும் எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு முழுச் சுற்று நடந்துவிட வேண்டும். தோட்டத்து மைதானங்கள் கொழும்பு மைதானங்கள் மாதிரி வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதில்லை. எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் விழுந்த பந்தை எடுக்கப் போன பொடியன் திரும்பி வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம்.

நடக்கும்போது இரண்டு விஷயங்களைக் கொப்பியில் எழுதுங்கள். முதலாவது உள்ளூர்ச் சட்டம். தேயிலைக்குள் உருண்டால் நாலு, மேல் ரோட்டைத் தாண்டினால் ஆறு, கோயில் கூரையில் பட்டால் அவுட் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கும். அதை இரண்டு கெப்டன்மாரிடமும் அம்பயரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். மெட்ச் தொடங்குமுன் அவர்களை ஒன்றாக நிற்க வைத்து முடிவெடுக்கச் செய்தால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இடங்களின் பெயர். மிட்விக்கெட், லோங் ஓன், தேர்ட்மேன் என்று சொன்னால் விளையாடுகிறவனுக்குப் புரியும். ஆனால் நம் ஹோர்ன் ஸ்பீக்கரைக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு மைதானமே தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற அக்காமார் எதிர் மலையில் நிற்கிறார்கள். லயத்து வாசலில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர்களுக்கு லோங் ஓன் என்றால் என்ன? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைச் சொல்லி, 'பழைய பெரட்டுக்களத்துப் பக்கம்' என்றால் உடனே தெரியும். ஆகவே என் கொப்பியில் மிட்விக்கெட்டுக்கு ஏழாம் நம்பர் மலை, கவருக்குப் பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்), நேர் பின்னால் கொழுந்து நிறுக்கிற கொழுந்து மடுவம் என்று ஒரு படம் வரைந்திருக்கும். வேறு தோட்டத்துக்குப் போனால் வேறு படம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பதினான்கு வருடம் எங்கள் தோட்டத்து டீமுக்கு விக்கெட் கீப்பராக இருந்தேன். பெரும்பாலும் சொப்ட்போல், அதாவது மென்பந்துக் கிரிக்கெட். கடினப்பந்தில் ஆடியது கொஞ்சம்தான், அதில் ஒரு நாள் வலதுகை மோதிர விரல் இரண்டாக மடிந்தது. இன்றைக்கும் அது நேராகாது. பேனா பிடிக்கும்போது தனியாக வானத்தைப் பார்க்கும். விளையாட்டு அத்தோடு முடிந்தது. கட்டாருக்குப் போய் ஒரு கொம்பவுண்டில் நைட் டியூட்டி வொச்சராக வேலை செய்தேன்.

அங்கே ஓர் அமெரிக்கப் பெரியவர், எஞ்சினியர், தூக்கம் வராத ஆள். விடியற்காலை மூன்று மணிக்கு என் கார்ட் ரூம் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஃபோனில் ரேடியோ போடுவார். அவர் ஊர் மில்வோக்கி. அங்கே அப்போது முந்தின நாள் இரவு ஏழு மணி, பேஸ்போல் மெட்ச் ஆரம்பிக்கிற நேரம். எனக்கு பேஸ்போல் தெரியாது. நம் எல்லே மாதிரி, அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு என்ற மட்டில்தான் தெரியும். ஆங்கிலமும் அரைகுறை. ஆனாலும் அந்த ரேடியோவில் பேசியவரின் குரலைக் கேட்கக் கேட்க, பந்து எங்கே போகிறது, ஓடுகிறவன் வந்து சேர்ந்தானா என்று கண்ணுக்குத் தெரிந்தது. பேசியவர் பொப் யூக்கர்.

யூக்கரும் ஒரு கீப்பர்தான். பேஸ்போலில் கெச்சர் என்பார்கள், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவர். 1962 முதல் 1967 வரை அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடினார், மொத்தம் 297 ஆட்டம், 14 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வெளியே அடிப்பது). பெட்டிங் சராசரி .200. அதாவது பத்துத் தடவை போனால் இரண்டு தடவைதான் அடி. பேஸ்போல்காரர்கள் கேலி செய்கிற அளவு அது. 1967இல் அட்லாண்டாவில் ஃபில் நீக்ரோ என்பவரின் நக்கிள்போலுக்குக் கெச்சராக நின்றார். சுழலாமல் காற்றில் தள்ளாடி வருகிற பந்து. எங்கே வரும் என்று போட்டவனுக்கே தெரியாது. அந்த வருடம் லீக்கிலேயே அதிகப் பந்தைக் கைவிட்ட கெச்சர் யூக்கர்தான், 27 தடவை. நக்கிள்போலைப் பிடிப்பது எப்படி என்று கேட்டால், அது உருண்டு நிற்கும்வரை காத்திருந்து பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்.

அப்படிப்பட்டவர் 1971இல் மில்வோக்கி ப்ரூவர்ஸ் டீமின் ரேடியோவில் உட்கார்ந்து, 2024 சீசன் வரை 54 சீசன் பேசினார். 2003இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது கிடைத்தது. 2025 ஜனவரி 16ஆம் திகதி, 90 வயதில் காலமானார். செய்தி பார்த்த அன்று அந்த எஞ்சினியரின் நம்பரைத் தேடினேன், பழைய ஃபோனோடு போயிருந்தது.

கீப்பராக இருந்த தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு இந்த வேலை சுலபமாக வரும். மைதானத்தில் மொத்த ஆட்டத்தையும் முகத்துக்கு நேரே பார்க்கிறவன் கீப்பர் ஒருவன்தான். போலரின் கை எப்போது தளர்கிறது, பெட்ஸ்மன் எந்தக் காலை முன்னால் வைக்கப் பயப்படுகிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பன்னிரண்டாவது ஆளாகவே காலத்தைக் கழித்தவர்களும் வரலாம். பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்ததும் பார்த்ததுதானே. செஞ்சரி அடித்தவர்கள்தான் சிரமப்படுவார்கள். அவர்களுக்கு எந்தப் பந்தைப் பார்த்தாலும் தாங்கள் அடித்த பந்து ஞாபகம் வந்துவிடும். நம்மூர் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். 44 டெஸ்டும் 180 ஒருநாள் போட்டியும் ஆடிய ரசல் ஆர்னோல்டை டிவியில் கேட்டுப் பாருங்கள், தன் ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று.

இனி மைக். வாயிலிருந்து நாலு விரல் தூரம். மலைக்காற்று மைக்கில் பட்டால் ஹோர்னில் லொறி போகிற சத்தம் வரும், அதற்கு ஒரு கழுவிய சொக்ஸை மைக்கின் தலையில் மாட்டுங்கள். கழுவியது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மைக் இருக்கிற இடத்துக்கு முன்னால், மைதானத்தைப் பார்த்து ஹோர்ன் இருக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டினால் 'கூ'வென்று ஊளையிடும், சவுண்ட் சிஸ்டம்காரத் தம்பி உங்களைத்தான் முறைப்பார்.

அடுத்தது எதிரொலி. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். எதிர் மலை 340 மீட்டரில் இருந்தால், நீங்கள் சொன்னது போய் முட்டித் திரும்பி வர இரண்டு செக்கன். ஊர் திரும்பி மைக் பிடித்த முதல் வருடம் நான் மூச்சு விடாமல் பேசினேன். என் பழைய வாக்கியமும் புதிய வாக்கியமும் நடுவானில் மோதி, கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது மெட்சுக்கு முன் 'ஹலோ' என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, மலை பதில் சொல்லும்வரை விரல் விட்டு எண்ணுவேன். அந்த எண்ணிக்கைதான் அன்றைக்கு என் வாக்கியத்தின் அளவு. மூன்று நாலு சொல், கொஞ்சம் நிறுத்தம், மலை பேசி முடிக்கட்டும், பிறகு அடுத்தது.

சின்ன வாக்கியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "ஏழாம் நம்பர் மலைப் பக்கமாக ரவி உயர்த்தி அடித்த பந்தை எல்லைக்கோட்டுக்கு அருகே வேகமாக ஓடிவந்த ரமேஷ்..." இதற்குள் சனம் கைதட்டியாயிற்று. பிடித்தாரா, விட்டாரா என்று எதிர் மலையில் நிற்கிற அக்கா கொழுந்துக் கூடையோடு காத்திருக்கிறார். வாக்கியத்தை உடையுங்கள். "அடிச்சாச்சு! மேல போகுது. ஏழாம் நம்பர் மலை. கீழ ரமேஷ். பார்க்குறாரு... பிடிச்சிட்டாரு!" யூக்கர் ஹோம் ரன்னுக்குக் கூவுவதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: எழும்பு, எழும்பு, வெளியே போ, போச்சு! அடித்தவன் பெயர் அதில் இல்லை, அழகான சொல்லும் இல்லை. பந்து எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது. பெயரையும் தூரத்தையும் பந்து விழுந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.

ஸ்கோர் சொல்ல மறப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. உங்களுக்கு ஸ்கோர் தெரியும், போர்ட் கண்முன்னால் இருக்கும், அதனால் சொன்ன மாதிரியே தோன்றும். அமெரிக்காவில் ரெட் பார்பர் என்றொரு பழைய ரேடியோக்காரர் முட்டை அவிக்கிற மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மேசையில் வைத்திருந்தாராம். மணல் இறங்கி முடியும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். என்னிடம் மணல் கடிகாரம் இல்லை. இரண்டு பந்துக்கு ஒரு தடவை சொல்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர், டவுனிலிருந்து பஸ்ஸில் இறங்குகிறவர், இரண்டாவது இன்னிங்ஸுக்கு எழும்பி வருகிற மாமா, எல்லோருக்கும் அதுதான் முதல் கேள்வி. சிங்கள டீம் வந்திருந்தால் ஸ்கோரையும் அவுட்டான ஆளின் பெயரையும் சிங்களத்திலும் சொல்லுங்கள். அது மரியாதை, அதோடு சந்தேகச் சண்டையும் குறையும்.

ஸ்கோர் எழுத ஒரு தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும், உங்கள் கையிலும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். பேஸ்போல்காரர்கள் ஆட்டக்காரன் நிற்கிற இடத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் கொடுத்திருக்கிறார்கள். 6-4-3 என்று எழுதியிருந்தால், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷோர்ட் ஸ்டொப் பந்தை எடுத்து, இரண்டாம் பேஸ்காரனுக்கு எறிந்து, அவன் முதல் பேஸ்காரனுக்கு எறிந்து இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். மூன்று எண்ணுக்குள் ஒரு முழுக் காட்சி. பேஸ்போலுக்கு இப்படிக் கணக்கெழுதும் பழக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். அவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போய் முதலில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை. நான் அதை என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன். '7 ர' என்றால் ஏழாம் நம்பர் மலையில் ரமேஷ் பிடித்தார். பரிசளிப்பு நேரத்தில் சிறந்த களத்தடுப்பாளர் யார் என்று கமிட்டி என்னிடம்தான் வந்து கேட்கும்.

பெயர்களுக்கு வருவோம். ஒரு டீமில் மூன்று சிவா இருப்பார்கள். அப்பா பெயரோடு சொல்வதா, டிவிஷன் பெயரோடு சொல்வதா என்று அவர்களிடமே கேளுங்கள். பட்டப்பெயர் ஊருக்கே தெரிந்ததாக இருக்கலாம், ஆனால் அவனுடைய மாமனார் வீட்டுச் சனம் அன்றைக்கு வந்திருக்கலாம். கேட்காமல் சொல்லாதீர்கள்.

இதை ஒரு பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது வருடம் ஒரு பொடியன் கைக்கு வந்த கெட்சை விட்டான். நான் மைக்கில், "கையில நெய் தடவிட்டு வந்திருக்காரு போல!" என்றேன். சனம் சிரித்தது. சிரித்ததும் எனக்கு ருசி பிடித்துவிட்டது. அடுத்த ஓவரிலும் நெய், அதற்கடுத்த ஓவரிலும் நெய். ஹோர்ன் கட்டியிருந்த யூகலிப்டஸ் மரத்தடியிலிருந்து ஓர் அம்மா எழும்பி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, காலையில வெறகு வெட்டுறப்ப அவனுக்குக் கத்தி பட்டுருச்சு. ஆளு கொறையுதுன்னுதான் எறங்குனான்" என்றார். மைக் ஓனாக இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. இரண்டு செக்கன் கழித்து மலையும் அதையே சொன்னது.

யூக்கர் 54 சீசன் சிரிக்க வைத்ததில் பாதி தன்னைப் பற்றிச் சொன்ன கதைகள்தான். தன்னை டீமில் எடுக்க மூவாயிரம் டொலர் பேசினார்கள், அப்பாவிடம் அவ்வளவு காசு இல்லாததால் அவர் கவலைப்பட்டார் என்பார். இப்போது என் மைக்கில் கெட்ச் விடுகிற ஆள் ஒருவர்தான், என் மோதிர விரல். "நானா இருந்தா அது மூக்குலதான் பட்டிருக்கும்" என்றால் சனம் சிரிக்கிறது, கெட்ச் விட்டவனும் சிரித்துவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகிறான்.

எந்தத் தமிழில் பேசுவது? ஒரு டோர்னமென்டில் ஒரு பெரிய மனிதர் என்னைக் கூப்பிட்டு, 'தோட்டப் பேச்சு' வேண்டாம், செந்தமிழில் பேசச் சொன்னார். சரியென்று ஒரு இன்னிங்ஸ் முழுக்க முயன்றேன். "நான்கு ஓட்டங்கள் பெறப்படுகின்றன, துடுப்பாட்ட வீரர் தமது அரைச்சதத்தை நெருங்குகிறார்." தேத்தண்ணி நேரத்தில் ஒரு அக்கா, "என்னடா தம்பி, யாரும் செத்துட்டாங்களா? நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று கேட்டார்.

பேஸ்போலில் டிஸ்ஸி டீன் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், இருந்தார். 1934இல் செய்ன்ட் லூயிஸ் டீமுக்காக 30 ஆட்டம் வென்றவர். 1937இல் ஒருவர் அடித்த பந்து காலில் பட்டுப் பெருவிரல் முறிந்து, அதற்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. 1941இல் மைக் பிடித்தார். படிப்புக் குறைவு, பேச்சு அசல் கிராமத்துப் பேச்சு. சறுக்கினான் என்பதற்குப் புத்தகத்தில் 'ஸ்லிட்', அவர் வாயில் 'ஸ்லட்'. பிள்ளைகளின் ஆங்கிலம் கெடுகிறது என்று 1946இல் மிசூரி ஆசிரியர்கள் முறைப்பாடு செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை, கேட்கிறவர்களும் குறையவில்லை. என் கணக்கு இதுதான்: பந்து ஓடும்போது வீட்டுப் பேச்சு. பரிசளிப்பு, இரங்கல், அதிதிகளை வரவேற்பது இதற்கெல்லாம் துடுப்பாட்டம், களத்தடுப்பு, நாணயச் சுழற்சி எல்லாம் அழகாகப் பொருந்தும். இரண்டும் நம்முடையதுதான்.

மூட்டம் இறங்கும் நாளுக்கும் தயாராக இருங்கள். ஒக்டோபர் நவம்பரில் இரண்டு மணிக்கெல்லாம் பிட்சே தெரியாது. ஊகித்துச் சொல்லும் ஆசை வரும். ரேடியோவில் அந்தக் காலத்தில் வெளியூர் ஆட்டங்களைத் தந்தியில் வரும் குறிப்பை வைத்து, நேரில் பார்க்கிற மாதிரி ஸ்டூடியோவிலிருந்தே சொல்வார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ரொனல்ட் ரீகன் 1930களில் ஐயோவாவில் அந்த வேலை பார்த்தவர். ஒரு நாள் தந்தி அறுந்துபோக, பெட்ஸ்மன் திரும்பத் திரும்ப ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போகிற அடி, அடிப்பதாகச் சொல்லிச் சொல்லியே நிமிடங்களை ஓட்டினார். பிறகு அதைத் தானே கதையாகச் சொல்வார். அதே வேலையை ஜெக் கிரேனி வேறு மாதிரிச் செய்தார். கிளீவ்லன்ட் பேஸ்போல் டீமுக்கு ஆடிவிட்டு 1932இல் ரேடியோவுக்குப் போனவர், ஆட்டக்காரராக இருந்து வர்ணனையாளரானவர்களில் முதல்வர். வெளியூர் மைதானங்களில் அவரே ஓடியிருந்ததால் எந்தச் சுவர் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும், குறிப்பு வந்ததும் அந்த இடத்தில் பந்தை வைப்பார். அதனால்தான் காலையில் நடக்கச் சொன்னேன். ஆனால் ரீகன் மாதிரி நம்மால் சமாளிக்க முடியாது. பந்தை எடுக்கப் போன பொடியனே வந்து உண்மையைச் சொல்லிவிடுவான். "மூட்டம், எனக்குத் தெரியல, அம்பயர் கையைப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். நின்றுபோன நேரத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வடைக் கடை எங்கே, சாவி தொலைத்தவர் யார் என்று பேசலாம்.

காசைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பஸ் காசும் சாப்பாடும் முதலிலேயே பேசுங்கள், மிச்சத்தை ஆட்டம் முடிவதற்குள் வாங்குங்கள். முடிந்தபின் பொருளாளரைக் கண்டுபிடிக்க முடியாது. தொண்டைக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ, ஐஸ் சோடா வேண்டாம். ஃபேஸ்புக் லைவுக்குப் பேசினால் படம் தெரியும், அதனால் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள்.

பயிற்சிக்கு நான் செய்தது ஒன்று. டிவியில் கிரிக்கெட்டை வைத்து, சத்தத்தை முழுக்க நிறுத்தி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து ஓவருக்கு ஃபோனில் பேசிப் பதிவு செய்வேன். பிறகு அதைக் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிற அம்மாவிடம் போட்டுக்காட்டுவேன். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. முதல் நாள் முழுவதையும் கேட்டுவிட்டு, கையில் மாவோடு திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரு அவுட்டுன்னு வெளங்குது. யாரு வெளையாடுறாங்கன்னு நீ சொல்லவே இல்லயே."